அம்மாட பழைய கல்வீட்டை என்ன செய்யிற? இடிக்கிறதா, சீமெந்து பூசுறதா, சுண்ணாம்புக்குப் போறதா, பூட்டி வைக்கிறதா

ஊர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுல இருந்து ஆக்கள் வந்து இறங்கினா, இல்லாட்டி வீட்டுல ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கினா, சுத்தி வளைச்சு என்னட்ட வாற கேள்வி இதுதான். அம்மாட பழைய கல்வீடு ஒண்டு கிடக்கு, இங்க மட்டக்களப்புப் பக்கம் புளியந்தீவிலயோ கல்லடியிலயோ ஆரையம்பதியிலயோ, அங்கால காரைதீவு, கல்முனை, திருக்கோவில் எண்டும் வரும், முன்னுக்குத் தூண் வெச்ச விறாந்தை, ஓட்டுக் கூரை, முதிரை மரக் கதவு நிலை, ஒண்டரை அடி தடிப்புச் சுவர், மாரிக்கு அங்க இங்க ஒழுகுது, சுவரடி பூத்துப் பூத்து உதிருது, அதை என்ன செய்யிற?

எங்கட பக்கத்தில இந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு. வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் போறது. மூத்தவள் கல்யாணம் கட்டினா தாய் தகப்பன் பெரிய வீட்டை அவளுக்கு விட்டிட்டு அதே வளவுக்குள்ள சின்னதா ஒண்டு போட்டு ஒதுங்கிருவாங்க, இது காலங்காலமா வாற வழக்கம். அதால வீட்டுட நிலைமை கல்யாணப் பேச்சுக்குள்ள வந்திரும், மாப்பிள்ளை பகுதி ஆக்கள் விறாந்தையில இருந்து தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு மேல பாப்பாங்க, ஓட்டுல ஓட்டை தெரிஞ்சா "வீட்டை ஒருக்கா புதுசாக்கிக் குடுங்களன்" எண்டு மெதுவா ஒரு சொல் விழும். அந்த ஒரு சொல்லாலயே இடிஞ்ச வீடுகள் நிறைய.

நான் இதுக்கு ஒரே பதில் சொல்றதில்ல. ஆனா எதை வெச்சு அளக்கிறது எண்டு சொல்லலாம், பிறகு ஒவ்வொரு வழியையும் அதுல வெச்சுப் பாப்பம். என்ட கட்சி என்ன எண்டது வாசிக்க வாசிக்க விளங்கும், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல.

முதல்ல எதை வெச்சு அளக்கிற

எல்லாரும் முதல்ல கேக்கிறது "எவ்வளவு முடியும்" எண்டுதான். காசு முக்கியம், இல்லையெண்டு சொல்லல, ஆனா அதை மட்டும் கேட்டா நாலு வழியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும், ஏனெண்டா சிலதுல காசு முன்னுக்குப் போகும், சிலதுல பின்னுக்குப் போகும். நான் பாக்கிறது இதுகளைத்தான்.

சுவரும் கூரையும் உண்மையில என்ன நிலைமையில இருக்கு. பூச்சு உதிர்றது வேற, சுவர் பிளக்கிறது வேற. நிலைக்கு மேல இருந்து மூலைக்குச் சரிவா ஓடுற, விரல் நுழையிற வெடிப்பு எண்டா அத்திவாரம் இறங்கியிருக்கலாம், அதை ஒரு இஞ்சினியர் பாக்க வேணும். மயிர் மாதிரி வெடிப்பு எண்டா பதட்டம் வேணாம்.

உப்பும் ஈரமும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில நாங்க. நிலத்துல இருந்து ஈரம் ஏறும், காத்தோட உப்பு வந்து படியும். இந்த ஊரில ஒரு வீட்டை எப்பிடித் திருத்திற எண்டதை இந்த ஒண்டே பாதி தீர்மானிக்கும்.

வேலை செய்ய ஆள் இருக்கா. மேசன், மரவேலைக்கு ஓடாவி, ஓடு மேய ஆள்.

உறுதியில, அதாவது காணிப் பத்திரத்தில, எத்தனை பேர். எங்கட பக்கத்துச் சொத்துரிமைக்கு முந்தி இருந்த முக்குவர் வழமைச் சட்டம் எல்லாம் எப்பவோ போயிட்டு, இப்ப பொதுச் சட்டம்தான், அதால வழக்கத்தில மூத்தவளுக்கு எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சாலும் உறுதி எழுதாம தாய் தகப்பன் கண்ணை மூடினா பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு வந்திரும், அதுல ஒருத்தர் கனடா, ஒருத்தர் சுவிஸ், ஒருத்தர் கதைக்கிறதே இல்ல.

அதுக்குள்ள யார் இருக்கப் போறாங்க. வெறும் வீடு கெதியா கெட்டுப்போகும்.

கடைசியா, நான் கூடப் பாரம் குடுக்கிறது, செஞ்சதைத் திருப்பிச் செய்ய ஏலுமா எண்டது. இண்டைக்குப் பிழைச்சா நாளைக்குத் திருத்த வழி இருக்கிற முடிவு எது, இல்லாதது எது.

இடிச்சுப் புதுசா கட்டுறது

நல்லது என்ன எண்டா எல்லாம் தெளிவா இருக்கும். பிளான் கீறி, மதிப்பீடு எடுத்து, கொந்தராத்துக் குடுத்து, வீடு குடிபூரல் வெச்சு முடிக்கலாம். பாத்ரூம் உள்ளுக்கு, குசினி உள்ளுக்கு, கார் நிப்பாட்ட இடம், வங்கிக் கடனும் புது வீட்டுக்குத்தான் லேசாக் கிடைக்கும். வயசான ஆக்களுக்குப் படி ஏறி இறங்காம ஒரே மட்டத்தில நிலம் போடலாம். இதெல்லாம் சும்மா விசயம் இல்ல.

மறைஞ்ச செலவுக்கு வருவம். இடிக்கிற ஆக்கள் வந்து "அண்ணே, இடிகூலி வேணாம், மரத்தையும் ஓட்டையும் மட்டும் நாங்க எடுக்கிறம்" எண்டு சொல்லுவாங்க, கேக்க நல்ல மனசு மாதிரி இருக்கும். அந்த மரம் என்ன எண்டு மேல ஏறிப் பாருங்க. முதிரை வளை, பாலை கைமரம், கதவு நிலை எல்லாம் ஒத்தை மரத்தில அறுத்தது, இண்டைக்கு அந்தத் தடிப்புல முதிரை வாங்கப் போனா வாங்கிறதும் கஷ்டம், அனுமதிப்பத்திரத்துக்கு அலையிறதும் கஷ்டம். அந்த மரத்துட இண்டைய விலையைக் கணக்குப் போட்டுப் பாத்தா இடிகூலியை விடப் பல மடங்கு மேல நிக்கும். இடிக்கிறதெண்டு முடிவெடுத்தாலும் மரத்தை நீங்க கழட்டி, நிழல்ல, நிலத்துல படாம அடுக்கி வைங்க, புது வீட்டுக்கே பாவிக்கலாம். வேற இடத்துக்கு ஏத்துறதெண்டா பிரதேச செயலகத்தில முதல்ல ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்க.

ரெண்டாவது, இடம். கடலோரத்தில உயர்நீர் மட்டத்தில இருந்து 300 மீற்றர் உள்ளுக்குக் கரையோர வலயம், அதுக்குள்ள புதுசாக் கட்ட அனுமதி எடுக்க வேணும், வாவிக் கரையும் அந்தக் கணக்குக்குள்ள வரலாம். பழைய வீடு அந்தச் சட்டங்கள் வர முன்னமே அங்க நிண்டது. இடிச்சிட்டா நீங்க புது விண்ணப்பகாரர், ரோட்டுல இருந்து இவ்வளவு விட வேணும், மதில்ல இருந்து இவ்வளவு விட வேணும் எண்டு வரும், அதே அளவு வீடு அதே இடத்தில வரும் எண்டு நினைச்சு இடிக்க வேணாம். அனுமதி கையில வந்த பிறகுதான் முதல் ஓட்டில கை வைக்கிறது.

மூண்டாவது, கொங்கிறீட் எண்டா நூறு வருசம் நிக்கும் எண்ட நம்பிக்கை. உப்புக் காத்தில உள்ளுக்கு இருக்கிற கம்பி துருப்பிடிச்சுப் பருக்கும், பருத்தா மூடியிருக்கிற கொங்கிறீட்டைத் தள்ளி உடைக்கும். கல்லடி, நாவலடிப் பக்கம் ஸ்லாப்புக்கு அடியில துண்டு துண்டா விழுந்து கம்பி வெளிய தெரியிற வீடுகளைப் பாக்கலாம், அதெல்லாம் பழைய வீடுகளை விட வயசு குறைஞ்ச வீடுகள். கம்பிக்கு மேல போதிய அளவு மூடி, கடல் மணல் கலக்காம, உப்பில்லாத தண்ணியில குழைச்சா நிக்கும். மேற்பார்வைக்கு ஆள் இல்லாம வெளிநாட்டுல இருந்து வட்ஸ்அப் படம் பாத்துக் கட்டிறவங்களுக்கு இந்த மூண்டும் கண்ணுக்குத் தெரியாது.

இடிக்கிறது சரி எண்ட நிலைமையும் இருக்கு. அத்திவாரம் இறங்கி சுவர் சாஞ்சிட்டு, இல்லாட்டி 2004 சுனாமியில பாதி போய் மிச்சத்தில ஏற்கனவே கண்டபடி கட்டி முடிச்சாச்சு, பழசு எண்டு சொல்ல ரெண்டு தூண்தான் மிச்சம், இதுகளில பிடிவாதம் பிடிக்கிறதுல அர்த்தமில்ல.

சீமெந்தால ஒட்டுப் போட்டு ஓட்டுறது

பத்துப் பேர்ல எட்டுப் பேர் எடுக்கிற முடிவு இதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து சீமெந்து பூசுறது, நிலத்துக்கு ரைல்ஸ், வெளியில பிளாஸ்ரிக் பெயின்ற், ஓட்டைக் கழட்டி அஸ்பெஸ்டஸ் இல்லாட்டி தகர சீற். ரெண்டு மாசத்தில முடியும், எந்த மேசனும் செய்வார், கல்யாணத்துக்கு வீடு பளபள எண்டு நிக்கும். நாலு வழியிலயும் மலிவானது எண்டு எல்லாரும் நினைக்கிறதும் இதைத்தான்.

பழைய சுவர் எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கினா ஏன் நான் இதுக்கு எதிர் எண்டும் விளங்கும். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லு, கடலோரத்தில சிலதுக்குள்ள முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்லு) இருக்கும், நடுவில சுண்ணாம்புச் சாந்து. அடியில ஈரம் தடுக்கிற படை எண்டு ஒண்டும் கிடையாது. அதால நிலத்து ஈரம் சுவருக்குள்ள ஏறும், ஏறினது சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளால வெளிய வந்து காத்தில காயும், கூட வந்த உப்பு பூச்சுல படிஞ்சு பூச்சு உதிரும். உதிர்றது பூச்சு மட்டும்தான், கல்லு தப்பும். அஞ்சாறு வருசத்துக்கு ஒருக்கா பூச்சைத் திருத்தி, வருசா வருசம் தைப்பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறது எண்டு முன்ன வெச்சிருந்தது இதுக்காகத்தான், அழகுக்கு மட்டும் இல்ல.

இப்ப அதுக்கு மேல சீமெந்தை இறுக்கிப் பூசுறீங்க. ஈரம் வெளிய வர வழியில்ல. முன்ன முழங்கால் உயரத்தில நிண்ட ஈரம் இடுப்புக்கு ஏறும், நிலத்துக்கு ரைல்ஸும் போட்டாச்செண்டா நிலத்தால வெளியேறின ஈரமும் சுவருக்குத்தான் வரும். உப்பு இப்ப பூச்சுக்குப் பின்னால, கல்லுக்குள்ளயே கட்டியாகும், கல்லு மாவாகும். வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது, தட்டிப் பாத்தா பொள்ளுச் சத்தம் கேக்கும், ஒருநாள் அந்தச் சீமெந்துப் பலகை சுவர்ட தோலோட சேந்து கழண்டு விழும். அப்ப மேசன் வந்து பாத்திட்டு என்ன சொல்லுவார்? "கல்லே போயிட்டு, இது பழைய வீடு தானே, இடிக்கிறதுதான் நல்லம்." வீட்டைக் கொண்டது அவர் முந்திப் பூசின சீமெந்துதான் எண்டு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நீங்களே பாக்கலாம். இப்பிடிப் பூசின ஒரு பழைய வீட்டுட உள்ச் சுவரை மார்கழியில, மழை விட்ட ரெண்டாம் நாள் போய்ப் பாருங்க, சீமெந்து முடியிற கோட்டுக்கு மேல ஒரு சாண் அகலத்தில மஞ்சளா ஒரு நீர்க்கோடு ஓடும், கையால தடவினா வெள்ளையா மா மாதிரி வரும், நாக்குல வெச்சா கரிக்கும். அதுதான் உப்பு.

கூரைக்கும் இதே கதைதான். ஓடு பாரம், அந்தப் பாரமே அதைப் பிடிச்சு வெச்சிருந்தது. சீற் பாரமில்ல, நல்லா இறுக்கிக் கட்டாட்டி காத்துத் தூக்கும், 1978 நவம்பர் 23 சூறாவளியை நேர கண்ட ஆக்கள் இன்னும் ஊரில இருக்கிறாங்க, கேட்டுப் பாருங்க. தகரத்துக்குக் கீழ சித்திரையில இருக்க ஏலாது, பிறகு ஏசி பூட்டுவீங்க, கரண்ட் பில்லையும் இந்த "மலிவு" வழியிட கணக்கில சேத்துக்கொள்ளுங்க. அஸ்பெஸ்டஸ் வெட்டுற தூசி நெஞ்சுக்குக் கூடாது எண்டது தனி.

இது எங்க சரி வரும்? பிந்திக் கட்டின, சீமெந்துச் சாந்திலயே கட்டின சுவருக்கு சீமெந்துப் பூச்சு பூசலாம், பிரச்சினை இல்ல. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில இருக்கிற சாந்தை ஒரு ஆணியால கீறிப் பாருங்க, வெள்ளையா தூளாக் கொட்டினா சுண்ணாம்பு, ஆணி வழுக்கிச் சாம்பல் கோடு மட்டும் விழுந்தா சீமெந்து. குசினிக்குப் பின்னால பிறகு சேத்த அறைகள் நிறைய இப்பிடித்தான் இருக்கும், வீடு முழுக்க ஒரே வைத்தியம் எண்டு இல்ல.

சுண்ணாம்பு, ஓடு, மரம் எண்டு பழைய முறையிலயே திருத்துறது

சுண்ணாம்பு எண்டா சும்மா வெள்ளை அடிக்கிற பவுடர் எண்டு நினைக்க வேணாம். சிப்பியோ சுண்ணாம்புக் கல்லோ 900 பாகை அளவு சூட்டில எரிச்சா நீத்தாத சுண்ணாம்பு, அதைத் தண்ணிக்குள்ள போட்டா கொதிச்சு நீறும், நீறினதைத் தண்ணி மூடி இருக்கக் குழியில கிடக்க விட வேணும், எவ்வளவுக்குக் கிடக்குதோ அவ்வளவுக்கு வெண்ணெய் மாதிரி வரும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூண்டு பங்கு ஆத்து மணல், இதுதான் பொதுவான அளவு. தமிழ்நாட்டுல செட்டிநாட்டுப் பக்கம் கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியைச் சாந்துக்குச் சேப்பாங்க, முட்டை வெள்ளைக் கருவும் சேத்து மினுக்குவாங்க, எங்களுக்கு அவ்வளவு தேவையில்ல. பூசின சுண்ணாம்பு காத்தில இருக்கிற கரியமில வாயுவை எடுத்துத் திரும்பக் கல்லாகிறது, அதால மெல்ல மெல்லத்தான் இறுகும், சீமெந்துக்கு 28 நாள் எண்டா இதுக்கு மாசக் கணக்கு.

எங்கட காலநிலையில இதுக்கு நல்ல காலம் மாசி, பங்குனி, சித்திரை. ஐப்பசிக்குப் பிறகு மழை புதுப் பூச்சைக் கழுவிரும். வைகாசிக்குப் பிறகு கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து, அது பூச்சை ஒரு நாளையில உறிஞ்சிக் காய வெச்சு வெடிக்கப் பண்ணும். கச்சானுக்குள்ள செய்யத்தான் வேணுமெண்டா ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காலையும் பின்னேரமும் நனைக்க வேணும், அதுக்கு ஆள் வேணும். லீவுக்கு ஆடி மாசம் வந்து ஆவணிக்குள்ள முடிச்சிட்டுப் போற ஆக்களுக்கு இந்த வழி ஒத்து வராததுக்குப் பெரிய காரணம் இந்தக் காலண்டர்தான், காசு இல்ல.

ஆள் பிரச்சினை உண்மையான பிரச்சினை. வயசான மேசன் ஒருவர் என்னட்ட நேராச் சொன்னார், "மனே, எனக்கு வேலை தெரியும், ஆனா சாந்து திருப்பிறதுக்கு ரெண்டு பொடியனுகள் வேணும், இப்பத்தப் பொடியனுகள் சீமெந்துப் பேக்கை உடைச்சாத்தான் வேலை எண்டு நினைக்கிறானுகள்." அவர் சொன்னதுல கணக்கு இருக்கு: சுண்ணாம்பு வேலையில சாமான் விலையை விடக் கூலி கூடப் போகும். அதால மதிப்பீடு கேக்கேக்க சதுர அடிக்கு எவ்வளவு எண்டு கேக்க வேணாம், நாள்கூலிக்குப் பேசி முதல்ல ஒரு சுவரை மட்டும் செய்யச் சொல்லுங்க. பின்பக்கத்துச் சுவர் ஒண்டு, ஒரு மாரி கடந்து பாத்திட்டு மிச்சத்தைக் குடுக்கலாம்.

முருகைக்கல் போன இடத்துக்கு புது முருகைக்கல் தேட வேணாம், கடல்ல இருந்து எடுக்கத் தடை, தடை இருக்கிறதும் சரிதான், கரை அரிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். நல்லா வெந்த செங்கல் போதும். ஓடு உடைஞ்சதுக்கு, இடிக்கிற வேற வீடுகளில இருந்து பழைய ஓடு வாங்கலாம், ஆனா அளவு பாருங்க, மங்களூர்ல 1865ல தொடங்கின அந்த ஓட்டு வகைக்கு எத்தனையோ கம்பனி, ஒண்டுட கொக்கி மற்றதுல சரியா மாட்டாது. ஒரு ஓட்டைக் கையில எடுத்துக்கொண்டு போறதுதான் புத்தி. ஓட்டுக்குக் கீழ போற றீப்பை முழுக்க மாத்தினாலும் கைமரம் பெரும்பாலும் தப்பும், சுவருக்குள்ள செருகியிருக்கிற நுனியை மட்டும் தட்டிப் பாருங்க, கறையான் தொடங்கிறது அங்கதான்.

இந்த வழியில இன்னொரு பொறியும் இருக்கு, அது ஆசை. திருத்தத் தொடங்கினா "இங்க முந்தி ஒரு வளைவு இருந்திருக்கும், இந்தத் தூணுக்கு மேல ஒரு பூ இருந்திருக்கும்" எண்டு இல்லாததை எல்லாம் செய்யத் தொடங்குவாங்க, கடைசியில வீடு ஹோட்டல் செட்டிங் மாதிரி நிக்கும். 1964ல வெனிஸ்ல எழுதின சாசனத்தில, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறவங்க இண்டைக்கும் எடுத்துப் பாக்கிறது அதைத்தான், ஊகம் தொடங்கிற இடத்தில மீட்டமைப்பு நிக்க வேணும் எண்டு இருக்கு. உடைஞ்ச கலர்க் கண்ணாடிக்கு வெள்ளைக் கண்ணாடி போட்டா ஒண்டும் குறைஞ்சு போகாது.

செலவு? முதல் வருசம் ஒட்டுப் போடுறதை விடக் கூட, இடிச்சுக் கட்டிறதை விடக் குறைவு, வீடு நல்ல நிலைமையில இருந்தா மிகக் குறைவு. பிறகு வருசா வருசம் சின்னதா ஒரு செலவு, ஓடு திருப்பிறது, வெள்ளை அடிக்கிறது, கூரைத் தண்ணி ஓடுற பீலியைத் துப்பரவாக்கிறது. இதைச் செய்ய ஊரில ஆள் இல்லையெண்டா இந்த வழியை எடுக்காதீங்க. பிழைச்சாலும் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசலாம், கல்லுக்கு ஒண்டும் ஆகாது, நான் இந்தப் பக்கம் சாயிறதுக்கு முக்கியமான காரணம் அதுதான்.

பூட்டி வைக்கிறது

"இப்ப ஒண்டும் செய்ய வேணாம், பிறகு பாப்பம்." செலவே இல்லாத முடிவு எண்டு தெரியும், நாலுலயும் கூடச் செலவு பிடிக்கிறது இதுதான். ஒரு ஓடு விலகினாப் போதும், ஒரு மாரித் தண்ணி வளையில இறங்கும், ரெண்டாம் மாரி சுவருக்குள்ள, மூண்டாம் மாரி ஆலங்கண்டு முளைச்சு நிக்கும், வேர் சாந்துக்குள்ள போனா பிறகு பிடுங்கிறதும் சுவரை இடிக்கிறதும் ஒண்டுதான். காவலுக்கு வெச்ச ஆள் நல்லவரா இருந்தாலும் யன்னல் கம்பியும் பித்தளைக் கொண்டியும் மெல்ல மெல்லக் காணாமப் போகும். பங்குப் பிரச்சினை தீர மட்டும் பூட்டத்தான் வேணுமெண்டா, கூரையை மட்டும் ஒழுகாமப் பண்ணி, யன்னல் ரெண்டைக் காத்துப் போகத் திறந்து வெச்சு, மாசத்தில ஒருக்கா ஒருத்தர் உள்ளுக்குப் போய் வர ஒழுங்கு செய்யுங்க. அந்த அளவுக்கு இது நல்ல முடிவுதான், கால எல்லை வெச்சுக்கொண்டா.

பழசை வெச்சுக்கொண்டு பக்கத்தில புதுசு

இதை யாரும் கேக்கிறதில்ல, நான்தான் சொல்லுவன். கல்லடிப் பாலத்தை எடுங்க, 1924ல திறந்தது, ஒரு நேரத்தில ஒரு பக்க வாகனம்தான் போகலாம், எவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருப்பம். 2013ல பக்கத்தில புதுப் பாலம் வந்திச்சு, பழசு இன்னும் நிக்குது. மட்டக்களப்புக் கோட்டையும் அப்பிடித்தான், போர்த்துக்கேயர் 1628ல கட்டினது, 1638ல ஒல்லாந்தர் பிடிச்சது, பிறகு வெள்ளைக்காரன், பிறகு கச்சேரி எண்ட அரசாங்க அலுவலகம், உள்ளுக்கு ஆள் புழங்கினதால கூரையைப் பாக்க ஒருத்தர் இருந்தார்.

எங்கட வளவுகள் பெருசு, பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில பக்கத்தில வீடு போடுறது எங்கட வழக்கமும் தானே. புது வீட்டைப் பின்னுக்கோ பக்கத்திலயோ சின்னதாப் போட்டு, பாத்ரூம் குசினி எல்லாம் அதுக்குள்ள வெச்சு, தண்ணிக் குழாயைப் பழைய சுவருக்குள்ள கொண்டு போகாம விட்டா பழைய வீட்டுக்குப் பாதி ஆபத்துக் குறையும். பழைய வீட்டுல ரியூசன், தையல் கிளாஸ், அலுவலகம், வாசிகசாலை, எது வேணுமெண்டாலும் நடத்தலாம். பாசிக்குடா, அறுகம்பை ஆக்களைப் பாத்து கெஸ்ட் ஹவுஸ் எண்டு கனவு காண்றவங்களுக்கு ஒரு சொல்: ஒவ்வொரு அறைக்கும் ஒட்டின பாத்ரூம் கேப்பாங்க, அது பழைய சுவருக்குச் சீமெந்தை விட மோசம், பாத்ரூமைத் தனிக் கட்டடமாப் போட ஏலாட்டி விடுங்க. தெற்கில காலி நகரத்துக் கோட்டை 1988ல உலக மரபுரிமைப் பட்டியலுக்குப் போனது, வீடுகள் வடிவா மிஞ்சிச்சு, ஆனா பழைய குடும்பங்கள் நிறைய வித்திட்டுப் போயிட்டாங்க, வீட்டைக் காப்பாத்துறது எண்டா யாருக்கு எண்டும் ஒருக்கா யோசிக்க வேணும்.

காணி சின்னதெண்டா இந்த வழி இல்ல, அவ்வளவுதான்.

பதிவு, சட்டம், பயம்

"தொல்பொருள் திணைக்களம் வந்தா காணி போயிருமே" எண்ட பயம் எங்கட பக்கத்தில சும்மா வந்ததில்ல, அதைச் சிரிச்சு ஒதுக்க மாட்டன். ஆனா விசயம் இது: 1940ம் ஆண்டு 9ம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இயல்பாப் பாக்கிறது 1815 மார்ச் 2க்கு முந்தினதை. எங்கட கல்வீடுகள் பெரும்பாலும் அதுக்குப் பிந்தினது, அமைச்சர் தனியா அறிவிச்சாத்தான் உள்ள வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் எண்டு வந்தாலும் உறுதி உங்கட பேர்லதான் இருக்கும், திருத்திறதுக்கும் மாத்திறதுக்கும் அனுமதி எடுக்க வேணும். அதாவது சாதாரண ஒரு நூறு வருச வீட்டை இடிக்கிறதைத் தடுக்கவும் பெருசா யாரும் வர மாட்டாங்க, காப்பாத்தித் தரவும் வர மாட்டாங்க. முடிவு உங்கட கையில.

எந்த வழிக்குப் போனாலும் முதல்ல அளந்து வைங்க

இதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுதினன் எண்டும் சொல்லலாம். எங்கட ஊர் வீடுகளைப் பத்தி ஒழுங்கான வரைபடம் மிகக் குறைவு, கோயில்களுக்காவது மலர் போடுவாங்க, வீட்டுக்கு யார் போடுறது. ஒரு அளவு நாடா, கொப்பி, போன், ரெண்டு பேர், ஒரு சனி ஞாயிறு, இது போதும்.

ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவர் நீளத்தோட மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவும் எடுங்க, பழைய அறை ஒண்டும் சரியான சதுரம் இல்ல, குறுக்களவு இல்லாட்டி வீட்டுல வந்து கீறேக்க பொருந்தாது. சுவர்த் தடிப்பைக் கதவு நிலையில அளக்கலாம். நிலத்தில இருந்து வளைக்கு, வளையில இருந்து முகட்டுக்கு. படம் எடுக்கேக்க பக்கத்தில அடிமட்டம் ஒண்டை வெச்சு நேரா நிண்டு எடுங்க, ஒரு படத்தில பாதிக்கு மேல அடுத்த படத்திலயும் வாற மாதிரிச் சுத்தி வந்து எடுத்தா பிறகு கொம்பியூட்டர்ல முப்பரிமாணமாவும் செய்யலாம். கைமரத்தில, ஓட்டுட அடியில, நிலையில ஏதும் எழுத்தோ வருசமோ முத்திரையோ இருக்கா பாருங்க, ஓட்டுக் கம்பனிப் பேரை வெச்சே கூரை எந்தக் காலத்தது எண்டு கிட்டத்தட்டச் சொல்லலாம். பழைய உறுதியையும் படம் எடுங்க, எல்லைக்குப் பக்கத்துக் காணிக்காரர் பேர் எல்லாம் அதுலதான் இருக்கும். அம்மம்மா உயிரோட இருந்தா எந்த அறையில என்ன நடந்தது, பிள்ளைப்பேறு எங்க, நெல் மூட்டை எங்க அடுக்கினது, ஆம்பிளையள் எது மட்டும் வரலாம் எண்டு கேட்டுப் பதிவு பண்ணுங்க, சுவரை அளந்து இதை எடுக்க ஏலாது. ஒரு பிரதியை வெளிநாட்டுல இருக்கிற பங்காளிக்கும், ஒண்டை நூலகம் நிறுவனம் மாதிரி டிஜிட்டலாச் சேக்கிற இடத்துக்கும், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ ஆர்வமுள்ள ஆசிரியர் ஆரும் இருந்தா அவருக்கும் குடுங்க.

இடிக்கப் போறவங்க இதைக் கட்டாயம் செய்யுங்க, திருத்தப் போறவங்களுக்கு மதிப்பீட்டுக்கே இது உதவும், பூட்டப் போறவங்களுக்கு ரெண்டு வருசம் கழிச்சு எது கூடியிருக்கு எண்டு ஒப்பிட இது தேவை.

சுருக்கமாக் கேக்கிறவங்களுக்கு

சுவர் நல்லம், குடும்பத்தில ஒருத்தர் இருக்கப் போறார், மாசி மட்டும் பொறுக்கலாம் எண்டா சுண்ணாம்பு. சுவர் நல்லம், ஆனா வசதி வேணும், வளவு பெருசு எண்டா பக்கத்தில புதுசு. சுவர் சாஞ்சிட்டு எண்டா அனுமதி எடுத்து, மரத்தைக் கழட்டி வெச்சு, அளந்திட்டு இடியுங்க. பங்கு தீரல எண்டா கூரையை மட்டும் பாத்துப் பூட்டுங்க. கல்யாணம் ஆவணியில, காசும் குறைவு எண்டா, சீமெந்தைத் தொடாம ஓட்டைத் திருப்பி, உதிர்ற பூச்சைத் தட்டி, உள்ளுக்கும் வெளியிலயும் ரெண்டு தரம் சுண்ணாம்பு வெள்ளை அடிச்சு, நிலையைத் துடைச்சு எண்ணெய் போடுங்க, பந்தல் போட்டா சுவரடி எப்பிடியும் தெரியாது, பூச்சு வேலையை அடுத்த மாசிக்கு வைக்கலாம். இந்த வருசம் ஓடு திருப்பிறவங்க புரட்டாதிக்குள்ள ஆளைப் பிடிச்சிருங்க, மழை இருட்டினா ஒருத்தரும் கூரையில ஏற மாட்டாங்க.